மார்க்கு பத்திரம்

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிடும். உள்ளங்காலைத் தரைத் தகட்டில் வைத்து, நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் என்னால் சும்மா இருக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் ஏதாவது கேட்டால் அரைக் காதோடுதான் பதில் சொல்வேன். கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போய்ச் சேர்வதற்குள், அந்த பஸ்ஸுக்குப் பேரிங் போயிருக்கிறதா, கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் நைந்திருக்கிறதா என்று ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. இந்தப் பழக்கம் நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒரு சிவப்புக் காரால் வந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். இதை இன்றைக்கும் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். பதினோரு வயதில் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் எழுத்து தெரியாது. அப்பா கரும்பு வெட்டப் போனவர். பிறகு லாரி கிளீனர் ஆனார். பிறகு சேலத்தில் ஒரு பட்டறையில் ஆறேழு வருடம் வண்டிகளுக்கு அடியில் படுத்தே தொழில் கற்றுக்கொண்டு, ஊருக்குத் திரும்பி, கச்சிராயபாளையம் சாலையில் நான்கு சவுக்குக் கம்பம் நட்டு மேலே தகரம் போட்டுச் சொந்தமாக ஷெட் திறந்தார். கூட சித்தப்பா. திறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வந்ததெல்லாம் டிராக்டர், மினி லாரி, கரும்பு ஏற்றும் டிரெய்லர். கார் ஒன்றுகூட வரவில்லை.

எங்கள் ஊரில் டிராக்டர் மெக்கானிக்கை 'டேய்' என்று கூப்பிடுவார்கள். கார் மெக்கானிக்கை 'அண்ணே' என்பார்கள். அப்பாவுக்கு அந்த 'அண்ணே' வேண்டியிருந்தது. வாய்விட்டு ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் சாலையில் எந்தக் கார் போனாலும் ஸ்பேனர் பிடித்த கை அப்படியே நின்றுவிடும். அதை வைத்து எனக்குத் தெரியும்.

அந்தக் காரைக் கொண்டுவந்தவர், நைனார்பாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பெரிய நிலம் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் இளைய மகன். அவர்கள் நிலத்தில்தான் என் தாத்தா ஏர் ஓட்டினார். அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் களையெடுத்ததும் அங்கேதான். அதனால் எங்கள் வீட்டில் எல்லாரும் அவரைச் சின்னய்யா என்பார்கள். அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர். ஷெட் போட்ட பிறகு அப்பா மட்டும் அவரை 'சார்' என்று சொல்லத் தொடங்கியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவர் டிராக்டருக்குப் பின்னால் நின்று பழகியதாகச் சித்தப்பா கிண்டல் செய்வார்.

கார் வருவதற்கு முன் சத்தம் வந்தது. பிறகு நீண்ட மூக்கு. பிறகு தரையோடு ஒட்டிய உடம்பு. இரண்டே கதவு. வெளிநாட்டில் ஒரு காலத்தில் பந்தயத்துக்குப் பேர் போன ரகமாம். பெங்களூரில் பல கை மாறி வந்ததாம். வெயிலில் வெளுத்து, சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கியிருந்தது. எஞ்சின் முன்னால், ஓடுவது பின்சக்கரம். நடுவில் அந்த ஓட்டத்தைக் கொண்டுபோக ஒரு நீளமான ஷாப்ட்.

சின்னய்யா இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினார்.

"கால எடுத்து மறுபடி அமுத்துனா 'டொக்'குன்னுது. அறுபதத் தாண்டனா ஆட்டம். ரெண்டு மெக்கானிக் பாத்துக் கைய விரிச்சிட்டானுங்க. ஒன்னால ஆவுமாடா?"

"பாக்கலாம் சார்."

"பாக்கறதெல்லாம் நானே பாத்துட்டேன். ஆவுமா, ஆவாதா?"

"ஆவும் சார்."

சித்தப்பா கையிலிருந்த ஜாக்கிக் கம்பி கீழே விழுந்தது.

"ஒரு கீறல் வுழக்கூடாது. உளி, சுத்தியல்னு எதனா கிட்ட கொண்டாந்தீன்னா பாத்துக்கோ" என்ற சின்னய்யா, கம்பத்தின் ஓரம் புத்தகப் பையோடு நின்ற என்னைப் பார்த்தார். "இது யாரு, ஒம் பொண்ணா? எத்தினியாவது படிக்கிது?"

"ஆறாவதுங்க சார்."

"ஆறாவது போதும். ஜாஸ்தி படிக்க வச்சி இன்னா பண்ணப் போற? எங்க கொல்லையில களையெடுக்க ஆளில்லாம கெடக்குது."

அப்பா சிரித்தார். எனக்குப் புரியாத ஒரு சிரிப்பு அது. பாதி வாயில் நின்றுவிட்டது. நான் சின்னய்யாவுக்குக் கேட்கும்படி ஆங்கில எழுத்துகளை இருபத்தாறும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கேட்டமாதிரி தெரியவில்லை.

முதலில் அப்பா அந்தக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரு சுற்று போய்விட்டு வந்தார். இறங்கியதும் கேட்டார்: "ஆடும்போது ஸ்டீரிங்குல நடுங்குதா சார், இல்ல சீட்டுலயா?"

"சீட்டுலதான்."

"அதான். கை நடுங்கனா முன்னால கோளாறு. குண்டி நடுங்கனா பின்னால."

சின்னய்யாவின் முகம் காரின் நிறத்துக்கு வந்தது. சித்தப்பா டிரெய்லருக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

சின்னய்யா போன பிறகு வேலை தொடங்கியது. நான்கு சக்கரத்துக்கும் கல் கொடுத்து, சித்தப்பாவை உள்ளே உட்காரவைத்தார்கள். அப்பா வண்டிக்கடியில் போனார். டார்ச் பிடிக்க நானும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தவழ்ந்து போனேன். சித்தப்பா கிளட்சை மெல்ல விட்டு முன்னால் ஒருமுறை, ரிவர்ஸில் ஒருமுறை இழுக்க, ஒவ்வொரு முறையும் 'டொக்'. அப்பா கையை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நகர்த்துவதுபோல் கியர்பாக்ஸ் பக்கம், நடுவில், பின்னால். பிறகு எஞ்சினை நிறுத்தச் சொல்லி ஷாப்டைக் கையால் திருப்பினார். சக்கரம் அசைவதற்கு முன் ஷாப்ட் மட்டும் அரை விரல் அளவு சும்மா திரும்பியது.

"பாரு கண்ணு" என்றார். ஷாப்டின் முனையில் சிலுவை மாதிரி ஒரு சாமான். பட்டறையில் அதற்குப் பெயரே கிராஸ். அதன் மூடியோரம் மிளகாய்த்தூள் கொட்டியதுபோல் துரு. "கிரீஸு காஞ்சி எத்தினி வருசமோ. அதான் உள்ள ஆடிக்கினு கெடக்குது." அவர் முகத்தில் ஓர் அவசரம் வந்துவிட்டது. அன்று மாலை டீ வந்தது, ஆறியது, யாரும் குடிக்கவில்லை.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் ஷாப்டை இறக்கி, இரண்டு துண்டாகப் பிரித்தார்கள். அது ஒன்றுக்குள் ஒன்று சொருகும் ஷாப்ட். எந்தப் பல்லுக்கு எந்தப் பல் என்று பிரிக்கும் முன்பே அடையாளம் வைத்துவிட வேண்டும். உளியால் ஒரு வெட்டு வெட்டினால் போதும். ஆனால் சின்னய்யா கீறல் விழக்கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் அப்பா, சித்தப்பாவின் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து இரண்டு துண்டிலும் எதிரெதிரே ஒரு பொட்டு வைத்தார். பட்டறைக்காரர்கள் இதை 'மார்க்கு வைப்பது' என்பார்கள். நான் பார்க்கவில்லை; எனக்கு யாரும் சொல்லவும் இல்லை.

புதுக் கிராஸ் எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. அளவு பார்த்து வாங்க, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் அப்பா சேலத்துக்குக் கிளம்பினார். அந்த வருடம் பூஜை பிந்தி வந்ததால் காலாண்டுப் பரீட்சை ராங்க் கார்டும் அதே வாரம் கொடுத்திருந்தார்கள். வகுப்பில் இரண்டாவது. கணக்கில் எண்பத்தேழு. பஸ்ஸுக்கு ஓடுகிற மனிதரை ஷெட் வாசலிலேயே மடக்கி, என் பேனாவின் மையை அவர் பெருவிரலில் தடவி, கைநாட்டு வாங்கினேன். கார்டு ஈரமாக என் கையில் இருந்தது. எனக்குப் பின்னால் சாக்கின் மேல் ஷாப்டின் இரண்டு துண்டும் கிடந்தன. அப்பா சாலைக்கு ஓடிக்கொண்டே திரும்பிச் சொன்னார்:

"கண்ணு, மார்க்கு பத்திரம்! அழிஞ்சிரப் போவுது!"

எனக்கு என்ன பெருமை! எண்பத்தேழு மார்க்கைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற அப்பா வேறு யாருக்கு இருக்கிறார் என்று நினைத்தேன். கார்டை ஊதி ஊதிக் காயவைத்தேன். மை ஒட்டாமல் இருக்க நடுவில் நியூஸ்பேப்பர் வைத்து, தகரப் பெட்டியில் போட்டு, பெட்டியைச் சித்தப்பா மேல் அடுக்கில் ஏற்றும்வரை விடவில்லை.

பிறகு பூஜைக்குச் சுத்தம் செய்யும் வேலை. சித்தப்பா வாழைக்கன்று வாங்கப் போனார். ஷெட்டில் இருந்த ஸ்பேனர், திருப்புளி, ஜாக்கி எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் துடைக்கும் பொறுப்பு என்னுடையது. அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. சாக்கின்மேல் கிடந்த ஷாப்டையும் விடவில்லை. இரண்டு துண்டிலும் சுண்ணாம்பு அப்பியிருந்தது. சித்தப்பா வெற்றிலை போட்டுவிட்டு விரலைத் துடைக்காத இடம் அந்த ஷெட்டில் கிடையாது. கம்பத்தில், டிராக்டர் மட்கார்டில், காலண்டரில் எல்லாம் வெள்ளை விரல்தான். "இதுலயுமா?" என்று திட்டிக்கொண்டே தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். இரும்பு பளபளத்தது. மறுநாள் காலை எல்லாச் சாமானுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். ஷாப்டின் இரண்டு துண்டுக்கும், கிடந்த வாக்கில் மேல்பக்கமாக, அழகாக ஒவ்வொரு பொட்டு. அதன் பக்கத்திலேயே பலகையில் என் புத்தகங்களையும், பெட்டியிலிருந்து எடுத்த ராங்க் கார்டையும் வைத்து, கார்டின் மூலையிலும் ஒரு பொட்டு வைத்தேன்.

பூஜை முடிந்து பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்து, அடுத்த நாள் விஜயதசமிக்குப் புது வேலையாக அந்தக் காரைத்தான் தொட்டார்கள். புதுக் கிராஸைப் பொருத்திய பிறகு அப்பா ஷாப்டின் துண்டுகளைப் புரட்டினார்.

"மார்க்கு இன்னா ஆச்சி?"

"பத்திரமா இருக்குப்பா" என்றேன், வாய் நிறைய பொரியோடு. "பொட்டு வச்சிருக்கேன்."

அப்பா இரண்டு குங்குமப் பொட்டையும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்தார். "பாத்தியாடா, படிச்ச புள்ள புத்திய! சுண்ணாம்பு அழிஞ்சிரும்னு அதுமேல குங்குமத்த வச்சிருக்குது."

அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. 'படிச்ச புள்ள' என்பது மட்டும் புரிந்தது. அது போதுமானதாக இருந்தது. நான் தலையாட்டினேன். அப்பா பொட்டுக்குப் பொட்டு நேராக வைத்து ஷாப்டைச் சொருகினார்.

மாலையில் சின்னய்யா வந்து எடுத்துக்கொண்டு போனார். கால் மணி நேரத்தில் திரும்பினார். 'டொக்' சத்தம் போய்விட்டிருந்தது. ஆனால் ஆட்டம் முன்பைவிட இரண்டு மடங்கு ஆகியிருந்தது.

"தாலாட்டுக்கு வுட்டேனா வண்டிய, இன்னாடா இது? ஐம்பதுலயே பல்லு ஆடுது!"

"கொஞ்சம் டைம் குடுங்க சார்."

"ஞாயித்துக்கெழம வருவேன். ஆவலன்னா கயித்தக் கட்டி சேலத்துக்கு இழுத்துக்கினு போயிடுவேன். போற வழியில இருக்கற ஷெட்டுக்காரனெல்லாம் வேடிக்கை பாக்கட்டும்."

அந்தச் சாலையில் எங்களுக்கு அப்புறம் ஏழு ஷெட் இருந்தன. புதிதாகத் திறந்த ஷெட்டிலிருந்து ஒரு காரைக் கயிறு கட்டி இழுத்துப் போனால், பிறகு அந்த ஷெட்டுக்கு டிராக்டர்கூட வராது. அதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஞாயிறுக்கு நான்கு நாள் இருந்தது.

அந்த நான்கு நாளும் எங்கள் வீட்டில் ஒருவரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. அப்பா ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். முன் சக்கரத்தைப் பின்னால் மாட்டி, பின் சக்கரத்தை முன்னால் மாட்டிப் பார்த்தார். ஆட்டம் அதே இடத்தில் இருந்தது. அப்படியானால் சக்கரம் இல்லை. எழுபதில் ஓட்டி, நியூட்ரலில் போட்டு, எஞ்சின் சத்தத்தை அடக்கிப் பார்த்தார். வண்டி சும்மா உருளும்போதும் ஆடியது. அப்படியானால் எஞ்சின் இல்லை. கியர்பாக்ஸ் ரப்பரை மாற்றினார். நடு பேரிங்கைக் கழற்றி விரலில் சுழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார்; நன்றாகத்தான் இருந்தது. அடியில் படுத்து ஷாப்டை எத்தனையோ முறை பார்த்தார். கிராஸைப் பிடிக்கும் இரண்டு பக்கக் காதுகளும் ஒரே நேராக, குறை சொல்ல முடியாமல் நின்றன.

"ஷாப்டா இருக்குமோண்ணா?" என்றார் சித்தப்பா.

"மார்க்கு பாத்துத்தானடா மாட்டனேன்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். மறுபடி சக்கரத்துக்குப் போவார்.

சாப்பிட உட்கார்ந்தால் தட்டை ஒரு விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார். அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சோத்துத் தட்டு இன்னா ஷாப்டா, சுத்திக்கினே இருக்க? ஊர்ல வேற வண்டியே இல்லன்னு அந்த வூட்டு வண்டியத் தொட்டியா? அவங்க கொல்லையில வளைஞ்ச முதுகு போதாதா?"

"நீ சும்மா இரு."

"சும்மாதான் இருக்கறேன். நீதான் ஆடிக்கினு இருக்க."

ஞாயிற்றுக்கிழமை காலை சின்னய்யா வரும்போது பைக்கின் பின்னால் கட்டியிருந்த கயிற்றையும் கொண்டுவந்தார். அப்பா கடைசியாக ஒன்று கேட்டார். மலைமேல் வெள்ளிமலை வரை ஒரு நடை போய் வர வேண்டும். மேட்டில் எஞ்சின் இழுக்கும்போது ஆட்டம் கூடினால் ஒரு காரணம், இறக்கத்தில் கூடினால் வேறு காரணம். சின்னய்யாவுக்கு அந்த வளைவுகளில் ஓட்ட ஆசை, சரி என்றார். ஆனால் முன்னால் இருந்தால் அடித்தரைச் சத்தம் தெரியாது. பின்னால் இருந்த இருக்கையில் முழு ஆள் நுழைய முடியாது.

"எம் பொண்ணு வரட்டும் சார். அதுக்குக் காது நல்லா கேக்கும்."

"வாந்தி கீந்தி எடுத்தா மலையிலயே எறக்கி வுட்டுடுவேன்" என்றார் சின்னய்யா. நான் அந்த இடுக்கில் மடங்கிப் படுத்து, தரையின் நடுவில் மேடாக இருந்த இடத்தில் காதை வைத்தேன். அதற்குக் கீழேதான் ஷாப்ட் ஓடியது. கோமுகி அணை தாண்டும்வரை என் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. மலை ஏறத் தொடங்கியதும் வளைவுக்கு வளைவு நான் ஒரு பக்கம் உருண்டு மறுபக்கம் மோதினேன். ஒருமுறை தலையைத் தூக்கியபோது மரவள்ளி ஏற்றிய ஜீப் ஒன்று எதிரே வந்தது. அதிலிருந்த மலைக்காரர்கள் இந்தச் சிவப்புப் பொருளைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். யாருக்கும் கை ஆட்டும் நிலையில் நாங்கள் இல்லை.

"மேட்டுல எப்டிம்மா கேக்குது?"

"அதேதான்ப்பா. ஙும் ஙும் ஙும்முன்னு."

கொஞ்ச தூரம் இறக்கம் வந்தது. சின்னய்யா காலை எடுத்தார்.

"இப்ப?"

"இப்பவும் அதேதான்."

அப்பா தனக்கே சொல்வதுபோல் சொன்னார். "இழுத்தாலும் அதே ஆட்டம், வுட்டாலும் அதே ஆட்டம். அப்டின்னா எடைதான். ஷாப்டு எடை மாறியிருக்குது. கம்பெனியில ரெண்டு துண்டையும் சேத்து வச்சிச் சுத்தி, எந்தப் பக்கம் எடை கம்மியோ அங்க ஒரு சின்னத் தகடு ஒட்டியிருப்பான். அரைச் சுத்து மாத்தி சொருவிட்டாக் கண்ணுக்கு நேராத்தான் தெரியும், ஆனா எடை போயிடும். அது எப்டி மாறும்? மார்க்கு வச்சித்தான மாட்டனேன்."

"இன்னாடா மார்க்கு?" என்றார் சின்னய்யா.

"பிரிக்கறதுக்கு மின்னாடி ரெண்டுலயும் சுண்ணாம்பத் தொட்டு வச்சிருந்தேங்க. கீறல் வேணாம்னீங்களே. அந்த மார்க்கப் பாத்துத்தான்..."

தரையில் வைத்த காதை நான் எடுத்தேன். தேங்காய் நாரில் ஒட்டியிருந்த வெள்ளை, மண்ணெண்ணெயில் கரைந்து ஓடியது அப்படியே கண்முன் வந்தது. பஸ்ஸுக்கு ஓடிய அப்பா சொன்ன மார்க்கு எது என்று அப்போதுதான் தெரிந்தது. வண்டியை நிறுத்தவைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "வாந்தி வருது" என்று கத்தினேன்.

சின்னய்யா ஒரு வளைவின் ஓரம் நிறுத்தினார். பலா மரத்தடியில் கொஞ்சம் சமதரை இருந்தது. அவர் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு பள்ளத்தாக்குப் பக்கம் போனார். அப்பா இந்த நேரத்தை வீணாக்க மனமில்லாமல் வண்டிக்கடியில் போனார். நான் பின்னாலேயே தவழ்ந்து போனேன். கருங்கல் சல்லி முழங்காலில் குத்தியது. சைலன்சரின் சூடு முகத்தில் அடித்தது.

"அப்பா."

"வாந்தி நின்னுடுச்சா?"

"அந்தச் சுண்ணாம்ப நான் தேச்சிக் கழுவிட்டேம்ப்பா. பொட்டு அதுமேல வைக்கல. சும்மா வச்சேன்."

அவர் ஷாப்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடிக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. நான்கு நாளாகத் தொலைந்த பொருள் கிடைத்தவரின் முகம் அது. பிறகு அது மாறியது. சின்னய்யாவின் செருப்புக் கால்கள் எங்களை நோக்கித் திரும்பி வருவது சக்கரத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்தது.

"நீ பேசாத இரு" என்றார் மெல்ல. "வாயே தொறக்காத."

வெளியே வந்து எழுந்து நின்றார். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"தப்பு என்னுதுங்க சின்னய்யா. அரைச் சுத்து மாத்தி மாட்டிட்டேன்."

நான்கு மாதமாக 'சார்' என்று பழகிய வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. சின்னய்யா முதலில் அவரைப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பள்ளத்தாக்கில் அந்தச் சிரிப்பு இரண்டு முறை கேட்டது.

"நாலு நாளா ஊரையே கலக்கிட்டு, கடைசியில நீ மாட்டனதுதான் தப்பாடா?"

"ஆமாங்க."

"இதுக்கு ஒரு ஷெட்டு!"

எனக்குக் காதெல்லாம் எரிந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் திறந்த வாய் மூடிக்கொண்டது.

அந்தச் சரிவிலேயே ஜாக்கி கொடுத்து, சக்கரத்துக்குப் பாறை வைத்து, துணிமூட்டையில் கொண்டுவந்திருந்த இரண்டு ஸ்பேனரால் ஷாப்டைக் கழற்றினார். சூடான குழாயில் பட்டு முன்னங்கையில் கொப்புளம் எழுந்தது. துண்டைப் பிரித்து, அரைச் சுற்று திருப்பி, மறுபடி சொருகினார். முக்கால் மணி நேரம் ஆனது. சின்னய்யா அதற்குள் மூன்று சிகரெட் பிடித்தார். வழியில் நின்ற ஒரு லாரிக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, அவரையும் சிரிக்கவைத்தார்.

இறங்கும்போது நான் மறுபடி தரையில் காதை வைத்தேன். சக்கரம் ரோட்டில் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. கீழே சமதரையில் சின்னய்யா எண்பதைத் தொட்டார், தொண்ணூறைத் தொட்டார். கார் கோயில் தேர் மாதிரி இல்லாமல் கார் மாதிரியே போனது. அவர் ஸ்டீரிங்கைத் தட்டினார். "போவுது பாரு! சும்மா வெண்ணெ மாதிரி!" அப்பா சிரித்துக்கொண்டு கொப்புளத்தை ஊதினார்.

கயிறு கட்டி யாரும் இழுத்துப்போகவில்லை. ஆனால் ஒரு பேர் வந்தது. மறுவாரத்துக்குள் ஏழு ஷெட்டிலும் அப்பாவுக்கு 'அரைச்சுத்து' என்று பெயர். "அரைச்சுத்து இருக்கறாரா?" என்று டிராக்டர்காரர்களே கேட்டுக்கொண்டு வந்தார்கள். டிராக்டர் வந்தது, டிரெய்லர் வந்தது. கார் வரவில்லை. அதன் பிறகு பல வருடம் வரவில்லை.

சித்தப்பாவிடம் அப்பா என்ன சொன்னார் என்று தெரியாது. அம்மாவிடமும் உண்மையைச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஏனென்றால் அப்போது என் கோபம் வேறு மாதிரி இருந்தது. நான்கு நாள் அவர் தேடியும் கிடைக்காத கோளாற்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நான். வண்டிக்கடியில் தவழ்ந்து போய்ச் சொன்னது நான். சின்னய்யா முன்னால், "எம் பொண்ணுதான் கண்டுபுடிச்சா" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? களையெடுக்கச் சொன்ன ஆளுக்குப் படித்த பிள்ளை யார் என்று தெரிந்திருக்கும். அதைச் சொல்லாமல் மறைத்து, தன்னையும் ஒரு முட்டாளாக்கிக்கொண்டு, எனக்கும் வரவேண்டிய பேரைக் கெடுத்துவிட்டார் என்று மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

நான்காம் நாள் பள்ளிக்கூடம் போகும்போது வழக்கம்போல அவரும் ஷெட்டுக்குக் கூடவே நடந்தார். டீக்கடையில் நின்றவர்களில் ஒருவர் "இன்னா அரைச்சுத்து, கெளம்பியாச்சா?" என்றார். என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்; அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேகமாக நடந்தேன். பத்து அடி முன்னால் போனதும், அவரும் வேகமாக வந்து என்னோடு சேர்ந்துகொள்வாரோ என்ற பயத்தில் திரும்பினேன். அப்பா ரோட்டோரம் குனிந்து, செருப்பில் ஏதோ முள் குத்தியதுபோல் காலைத் தூக்கித் தடவிக்கொண்டிருந்தார். நல்லவேளை, முள் குத்தியதே என்று சந்தோஷப்பட்டு, அவர் நிமிர்வதற்குள் அந்தப் பெண்களோடு போய்ச் சேர்ந்துகொள்ள ஓடினேன்.